பெயரில்லாத பொத்தான்

முதலில் ஒரு சின்னக் குறை. என் விளக்கத்தை எழுதி ஏற்றச் சொல்லி நீங்கள் கொடுத்த பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பெயர் இல்லை. கண்ணால் பார்ப்பவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியும். கண் தெரியாத ஒருவர் திறந்தால் அவருடைய கணினி "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லும். எதை அழுத்தினால் சேமிக்கும், எதை அழுத்தினால் எழுதியதெல்லாம் அழியும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். கடைசியில், தான் மனிதன்தான் என்று நிரூபிக்க, எந்தெந்தப் படத்தில் சைக்கிள் இருக்கிறது என்று அவர் தொட்டுக் காட்ட வேண்டும். ஆக, பார்வையில்லாத ஒருவர் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் உங்களிடம் வந்து ஒப்புக்கொள்ள வழியே இல்லை. ஆய்வு நெறிமுறைக் குழுவின் பக்கம் இப்படி இருப்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை.

இந்தப் பக்கத்தைச் சரிசெய்து தரும்படி உங்கள் கணினிப் பிரிவு என்னிடமே கேட்டது. விசாரிக்கப்படுகிறவனிடமே விசாரணைப் பக்கத்தைக் கொடுப்பது சங்கடம்தான். போனில் பேசிய பொறியாளரிடம் பேச்சைவிட இருமல்தான் அதிகம் இருந்தது. ஆனால் கண் தெரியாத என் தங்கை இதைப் படித்தாக வேண்டும், பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் அது அவளுடைய உரிமை. இந்த வேலை தெரிந்தவர்கள் நம் நிறுவனத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் என்மேல் புகார் கொடுத்திருப்பவர். அதற்கென்ன, செய்து தருகிறேன் என்றேன். பொத்தான்களுக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் ஆண்டறிக்கையில் என் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் நான் கண்ணை மூடியிருந்தேன். பார்வையற்றவர்கள் தடுக்கி விழாமல் இணையப் பக்கங்களைப் பயன்படுத்தும்படி செய்வதுதான் என் ஆராய்ச்சி. அவர்கள் பக்கத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். திரைவாசிப்பான் என்ற மென்பொருள் பக்கத்தை மேலிருந்து கீழாக உரக்கப் படிக்கும். படத்துக்கு யாராவது ஒரு வரி விளக்கம் எழுதி வைத்திருந்தால் அதைச் சொல்லும். எழுதவில்லை என்றால் "படம்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடும்.

இதில் இரண்டு சின்ன உத்திகள் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கே சொல்லிக் கொடுத்துவிடுவேன். ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்கும் வரி. திரையில் வெறும் அம்புக்குறி இருக்கும். அதன் பின்னால் "அடுத்த பக்கம்" என்று எழுதி ஒளித்து வைத்தால் வாசிப்பான் அதைப் படிக்கும். இன்னொன்று இதற்கு நேர் எதிர். ஓரத்தில் பூ, கோடு, வளைவு என்று எதையாவது வரைந்து வைத்திருப்பார்கள். அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் கேட்பவர் நொந்து போவார். அப்படிப்பட்டதை "அலங்காரம்" என்று குறித்துவிட்டால் வாசிப்பான் அதைத் தாண்டிப் போகும். கண்ணுக்கு இருக்கும், காதுக்கு இருக்காது. இரண்டுமே மிக உபயோகமானவை.

என் தங்கைக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. அதற்குப் பிறகு அவளுக்குப் படக்கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. ஒரு கதையில் கடைசிப் படத்தில் நாய் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும். நாய் தூங்குகிறது என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யாரோ உண்மையைச் சொல்லிவிட, வீட்டுக்கு வந்து என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள், தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "இனிமே இருக்கறதைச் சொல்லு" என்றாள். சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து இருக்கிறதைத்தான் சொல்கிறேன். இருக்கிறதில் எதைச் சொல்வது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். ஒரு படத்தில் ஆயிரம் விஷயம் இருக்கும், விளக்கம் எழுதுகிறவன் தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும்.

அப்பா, அம்மா போன பிறகு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மேஜை பால்கனிக் கதவை ஒட்டி, என் மேஜை கூடத்துக்கு எதிர்ப்புறம். வீட்டுச் சாதனங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவள் தொழில். துணி துவைக்கும் இயந்திரம் உங்களைத் திட்டுவதுபோல ஏதாவது எண்ணைக் காட்டினால் அவளைத்தான் கேட்க வேண்டும். அவளுடைய வாசிப்பான் ஓடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கும். அவள் அதைக் கேட்டுக்கொண்டே என்னைக் கிண்டலும் செய்வாள். எனக்கு அவள் வைத்த பெயர் பொத்தான். ஊரில் உள்ள பொத்தானுக்கெல்லாம் பெயர் வைக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்பாள்.

என் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் "முதல் பங்கேற்பாளர்" என்று வருகிறதே, அது அவள்தான். இரண்டாம், மூன்றாம் பங்கேற்பாளர்களும் உண்டு. அவர்கள் மரியாதையாக, "பரவாயில்லை, நன்றாக இருக்கிறது" என்பார்கள். இவள் அப்படி இல்லை.

"அண்ணா, இந்தப் பக்கத்தைச் செஞ்சவன் வீடு கட்டினா வாசலை மொட்டைமாடியில வச்சிருப்பான்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். அதற்கு விருது வந்தது. விருதை அவள் தடவிப் பார்த்துவிட்டு, "பேப்பர் வெயிட்டா?" என்றாள்.

கைப்பிடி என்ற கருவி அப்படிப் பிறந்ததுதான். மாடிப்படியில் கைப்பிடி இருக்குமே, அந்தப் பொருளில். அதைக் கணினியில் போட்டுக்கொண்டால், நீங்கள் திறக்கும் பக்கத்துக்கும் உங்கள் வாசிப்பானுக்கும் நடுவில் அது நிற்கும். பெயரில்லாத பொத்தானுக்குப் பெயர் தரும், படத்துக்கு விளக்கம் தரும், கலைந்து கிடக்கும் தலைப்புகளை வரிசைப்படுத்தும். ஒரு பக்கத்துக்கான திருத்தத்தை எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை எழுதினால் கருவி வைத்திருக்கும் எல்லாருக்கும் போய்ச் சேரும். தங்கைக்கு மட்டும் தனியாக ஒரு பதிப்பு வைத்திருந்தேன். புதிய திருத்தங்களை முதலில் அவளிடம்தான் சோதிப்பேன். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, அவளுக்கும் தெரியும்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி. தங்கை விண்ணப்பித்த நீதிமன்ற வேலையின் முடிவுப் பக்கம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

விளம்பரங்களை நீக்கியதில்தான் ஆரம்பம். அதற்கு எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு, அவள் ஒரு மொழிபெயர்ப்பாளர் தளத்தில் எழுதிய குறிப்பின்கீழ் ஒருவர், பார்வையில்லாதவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டிருந்தார். காலையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் இதெல்லாம் காதில் விழ வேண்டுமா? அந்தக் கருத்தை அலங்காரம் என்று குறித்தேன். அன்று முழுக்க அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். எனக்கு மனம் நிறைந்து போனது. தன் வேலையின் பலன் அடுத்த அறையிலேயே பாடுவது எத்தனை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கிடைக்கும்?

அதன் பிறகு கை சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் திருட்டு என்ற செய்தியை எடுத்தேன், அவள் பயப்படுவாள் என்று. அவள் பயப்படுகிற ஆளே இல்லை என்பது வேறு விஷயம். அவளுடைய பழைய தோழி ஒருத்தியின் படத்துக்கு விளக்கம் எழுதும்போது குழந்தையை விட்டுவிட்டேன். ஏங்கிவிடுவாளோ என்று நினைத்தேன். அடுத்த வாரம் அந்தத் தோழியிடம் போனில் பேசிவிட்டு, "இவளுக்குக் குழந்தை பொறந்ததை எனக்குச் சொல்லவே இல்லை பாரேன்" என்று வருத்தப்பட்டாள். அந்தத் தோழியோடு பேச்சு குறைந்தது. அதில் எனக்கும் வருத்தம்தான்.

குடைக்காரர் விஷயம் இதற்கு நடுவில் வருகிறது. அவரைப் பற்றி உங்களிடம் யாரும் புகார் தரவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

வேறு ஒரு நகரத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. தங்கையும் வந்திருந்தாள். மதியம் திடீரென்று மழை. வாசலில் நின்றவளுக்கு ஒருவர் குடை பிடித்து விடுதிவரை கொண்டு வந்து விட்டார். வழியெல்லாம் இவள் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன திமிர் என்று என்னிடம் வந்து புலம்பினாள். மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தனக்குக் காது கேட்காது என்றும், மழையில் அவள் உதடுகளும் சரியாகத் தெரியவில்லை என்றும், அவள் பேசியது நல்ல விஷயங்களாகத்தான் இருக்கும் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தார். அந்த நகரத்துப் பேருந்துகளுக்கு வழித்தட வரைபடம் வரைகிறவர். தங்கை அந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கூடத்துக்கு இந்தப் பக்கம், சொல் பிடிபடாவிட்டாலும் அந்தக் கடுகு வெடிப்பு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அவருக்குக் காது கேட்காது, இவளுக்குக் கண் தெரியாது. போனில் பேச வழியில்லை. நடுவில் எழுத்து ஒன்றுதான் இருந்தது. அந்த எழுத்து கைப்பிடி வழியாக வந்தது.

நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய கடிதங்களை அவளைவிட நான்தான் அதிகம் படித்திருக்கிறேன். முதலில் நான் அந்த நகரத்தின் வானிலைப் பக்கத்தை மட்டும்தான் தொட்டேன். அவள் எப்போது திறந்தாலும் அங்கே மழை. கோடையிலும் மழை. "எப்பவும் மழையாமே, துணி எப்படிக் காயும்?" என்று என்னிடம் கேட்டாள். காயாது என்றேன். அவள் அதற்காகத் தயங்குகிற ஆள் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. நல்ல குடை ஒன்று வாங்கி வரச் சொன்னாள்.

ஆகவே கடிதங்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியப் போவதில்லை. நீங்கள் பேசும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தெரியுமோ என்னவோ" என்று அவர் எழுதினார். கைப்பிடி அதை, "உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை அதிகம்" என்று படித்தது. பொய்யில்லை பாருங்கள். கடிதம் கிடைத்திருந்தது, வேலையும் அதிகம்தான், அதையும் அவர் வேறொரு பத்தியில் எழுதியிருந்தார். நான் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

இவள் பதில் எழுதுவாள். எழுதிவிட்டு "அனுப்பு" என்ற பொத்தானை அழுத்துவாள். அதற்கு நான்தான் அருமையான பெயர் வைத்துக் கொடுத்திருந்தேன். அழுத்தியதும் "அனுப்பப்பட்டது" என்று வாசிப்பான் சொல்லும். சொல்வது மட்டும்தான் நடந்தது.

அவர் இன்னும் சில முறை எழுதினார். கடைசிக் கடிதத்தில், தான் வரைந்த ஒரு வரைபடத்தில் அந்தக் கருத்தரங்கு மண்டபத்தின் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டுவிட்டதாகவும், மேலதிகாரி ஏன் என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை என்றும், இனி தொந்தரவு செய்யப் போவதில்லை என்றும் இருந்தது. அழகான கடிதம். அதை முழுதாக அலங்காரம் என்று குறித்தேன்.

தங்கை அழவில்லை. அலமாரிகளை எல்லாம் காலி செய்து துடைத்தாள். சமையலறைப் பாத்திரங்களை இடம் மாற்றினாள், அதனால் கரண்டி தேட எனக்குத்தான் நாக்கு தள்ளியது. என்னைப் பொத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தி, "அண்ணா" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். அந்த நாட்களில் நான் பட்ட கஷ்டத்தை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் பட்டேன். கூடத்தில் உட்கார்ந்து, ஒரு வேகமும் இல்லாமல் மெதுவாக ஓடும் அவள் வாசிப்பானைக் கேட்டேன். முதல் முறையாக எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

பிறகு ஒரு மாலை அவள் முகம் மாறியிருந்தது.

"நீதிமன்றத்துல மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போட்டிருக்கேன். சாட்சி சொல்றதை அப்படியே மாத்திச் சொல்லணும். கையேடு மாதிரி இல்ல, உயிரோட இருக்கற மனுஷங்க" என்றாள்.

"எந்த ஊர்ல?"

சொன்னாள். குடைக்காரரின் நகரம்.

"அங்கதான் எப்பவும் மழையாச்சே."

"நனைஞ்சா காயாதா என்ன?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் போயிட்டா நீ யாரை வச்சு ஆராய்ச்சி பண்ணுவ?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றுதான். நானும் சிரித்தேன். அடுத்த கட்டுரைக்கு முதல் பங்கேற்பாளர் கிடையாது என்ற எண்ணம் அந்த நேரத்தில் எனக்கு வந்தது உண்மை. ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. இதை உங்கள் குறிப்பில் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நீதிமன்றத்தின் தளம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் அதைவிட மோசமான தளத்தை நான் பார்த்ததில்லை. அதை உதாரணமாக வைத்து இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ஒரு பொத்தானுக்கும் பெயர் கிடையாது. தலைப்புகள் திருவிழாக் கூட்டம்போல முட்டி மோதிக்கொண்டு கிடக்கும். விண்ணப்பிக்கும்போது தங்கை அதனோடு மல்லுக்கட்டியதைக் கேட்க வேண்டுமே. "பொத்தான், பொத்தான், படம், பொத்தான். இது கோர்ட்டா, தையல் கடையா?" என்றாள். கைப்பிடியிலும் அதற்குத் திருத்தம் எழுதவில்லை. உதாரணத்துக்கு ஒரு மோசமான தளம் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன்.

முடிவு வந்த அன்று நான் முதலில் பார்த்தேன். தேர்வாகியிருந்தாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பெருமையாக இருந்தது, கண் கலங்கிவிட்டது. பிறகு உட்கார்ந்து, அவளுடைய பதிப்புக்கு மட்டும் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். "இம்முறை தேர்வாகவில்லை" என்று கனிவாக ஒரு வரி. எழுதிவிட்டுப் பார்த்தால் மேலே பெயரில்லாத பொத்தான்கள் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. நான் எழுதிய பக்கத்தில் பெயரில்லாத பொத்தானா? கை கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். தலைப்புகளை ஒழுங்குபடுத்தினேன். அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைப்பு கொடுத்தேன். நீதிமன்றச் சின்னத்துக்கு, கையில் தராசு, கீழே இரண்டு கிளைகள் என்று ஒரு வரி விளக்கம்கூட எழுதினேன். இதுவரை நான் செய்த பக்கங்களிலேயே அதுதான் சிறந்தது.

தங்கை அதைத் திறந்தாள். வாசிப்பான் தங்கு தடையில்லாமல் படித்தது. அவள் மறுபடி பக்கத்தின் மேலே போய் முதலிலிருந்து கேட்டாள். சின்னத்தின் விளக்கத்தை மட்டும் தனியாக ஒருமுறை கேட்டாள். முகத்தில் ஏமாற்றமே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"அண்ணா, இந்த சைட்ல ஒரு பொத்தானுக்காவது பேர் இருந்து நீ பாத்திருக்கியா?"

"சரி பண்ணியிருப்பாங்க."

"யாரு? கோர்ட்லயா? விண்ணப்பம் போட்ட அன்னைக்கு எது உள்ள போற வழின்னே தெரியல. இன்னைக்கு எனக்கு வேலை இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் தராசுக்குக் கீழ எத்தனை கிளைன்னு வரைக்கும் சொல்றாங்களா?"

நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"உலகத்துல இவ்வளவு ஒழுங்கா ஒரு பக்கம் எழுதறவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றாள். குரல் உயரவே இல்லை. "நாய் தூங்குதா, அண்ணா?"

அவள் போனை எடுத்து நீதிமன்ற அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அங்கே இருந்த குமாஸ்தா வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும்; "நன்றிங்க" என்றாள். பிறகு அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்தாள். பெட்டி கட்ட அவளுக்கு உதவியவர், என் ஆய்வு உதவியாளர். எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்பார் என்பதால் தங்கை அவருக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்திருந்தாள். அந்தச் சந்தேகம்தான் உங்களிடம் புகார் எழுதியது. நல்ல ஆராய்ச்சியாளர். என் கணினியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கண்டுபிடித்தார். அதற்குமேல் தேடுவதற்குள் நான் மற்றதை எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டேன். வீட்டுக் கணினியை மேஜையிலேயே விட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு தங்கை போய்விட்டாள். அதில் கைப்பிடி இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஆம், அந்தப் பக்கத்தை மாற்றியது நான். தோழியின் குழந்தையை மறைத்ததும், குடைக்காரரின் கடிதங்களைப் படித்ததும், அவளுடைய கடிதங்களை நிறுத்தி வைத்ததும் நான்தான். கையும் களவுமாகப் பிடிபட்டது அக்கறைக் குறைவால் அல்ல, அக்கறை கூடிப்போனதால். இதைப் படிக்கும் எந்தப் பொறியாளருக்கும் அது புரியும்.

இனி அந்தப் பொத்தான்கள். உங்கள் குழு அடுத்த வாரம்தான் கூடுகிறது. அதற்கு முன்னால் உங்களில் யாரும் இதைத் திறந்து பார்க்க மாட்டீர்கள் என்பது என் அனுபவம். தங்கைக்கோ இணைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, அவள் எதையும் உடனே படிக்கிறவள். மேலே உள்ளதை எல்லாம் நேற்று மாலையே ஏற்றிவிட்டேன். நீங்கள் கண்ணால் படிக்கும்போது எல்லாப் பத்திகளும் வரிசையாக இருக்கும். அவள் கேட்கும்போது சிலது இருக்காது. பொத்தான்களைப் பற்றிய தொடக்கம், குழந்தை, மழை, குடைக்காரர், என் உத்திகள், இந்தக் கடைசிப் பகுதி, இவற்றைத் தொடும் வரிகள் எல்லாவற்றையும் அலங்காரம் என்று குறித்திருக்கிறேன். புதிய நகரத்தில் தனியாக இருப்பவளை அதெல்லாம் சொல்லி எதற்குக் கலங்கடிக்க வேண்டும்? அவர் வரைந்த வரைபடத்தின் கீழே நின்றுதான் அவள் தினமும் பேருந்து ஏறுகிறாள், அது அவளுக்குத் தெரிய அவசியமில்லை.

அதற்குப் பதிலாக, காதுக்கு மட்டும் கேட்கும்படி இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நீங்கள் அதை மேலே தேட வேண்டாம், அது அவளுக்கு மட்டும். இன்னொன்று, குழு விசாரித்துத் திருப்தி அடைந்ததாகவும், அண்ணனும் தங்கையும் நேரில் உட்கார்ந்து பேசுவது நல்லது என்று கருதுவதாகவும் நீங்கள் சொல்வது. உங்கள் நடையிலேயே எழுதினேன். "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று ஆரம்பிக்கிறது.

மற்றபடி பக்கத்தில் எதையும் தொடவில்லை. பொத்தான்களுக்குப் பெயர் வைக்கவில்லை. உங்கள் முத்திரைக்கு விளக்கம் எழுதவில்லை. தலைப்புகள் இருந்தபடியே தாறுமாறாகக் கிடக்கின்றன. எத்தனை முறை கை போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, என் கை பட்ட ஒரு பக்கத்தைத் தெரிந்தே மோசமாக விட்டிருக்கிறேன். அவளுக்காக அதையும் செய்தேன்.

இன்று காலை போன் செய்தாள்.

"படிச்சேன். ரொம்பச் சின்னதா எழுதியிருக்க. ஆனா மன்னிப்பு கேட்டிருக்க, அது போதும்."

"கமிட்டி சொன்னதையும் படிச்சியா?"

"ம். முதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா மூணு பொத்தான் பேரில்லாம நிக்குது. படம்னு சொல்லுது, என்ன படம்னு சொல்லல. மகா மட்டமான பக்கம். அதனாலதான் நம்பினேன், பொத்தான்."

பொத்தான் என்று கூப்பிட்டாள். நான் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். புதுக் கணினியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இங்கே பழையது இருக்கிறதே என்றேன், சரி என்றாள். திரும்பிப் போகிற டிக்கெட்டை இங்கே வந்து அதில்தான் எடுக்கப் போகிறாள். இந்த நாட்களில் வண்டியில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் நீங்கள் இதைப் படித்து ஏதாவது முடிவு செய்தால் அவளுக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள், வந்து சேரும். சந்தேகமும் எழுதட்டும், எனக்கு யார்மீதும் கோபமில்லை. அவள் அறையைப் பெருக்கி, கரண்டிகளை அவள் மாற்றி வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். பழைய கணினியைத் துடைத்து, பால்கனிக் கதவை ஒட்டி அவள் மேஜையில் வைத்தாயிற்று. கைப்பிடி அதில் அப்படியே இருக்கிறது. அவள் வந்து அதை அழிக்கச் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டேன். அவள் கையாலேயே பொத்தானை அழுத்தட்டும், "அழிக்கப்பட்டது" என்று வாசிப்பான் சொல்லும்.